தென்றல் ஓட்டும் வண்டி

ஏப்ரல் 11, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் முடிந்தன. ஒரு பெண், "பனியாறு என்பது பனிக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு" என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன். அவளைச் சொல்லி என்ன பயன்? பாடம் நடத்தும் நானும் பனியாற்றைப் பார்த்ததில்லை. எங்கள் பாகூரில் மேடு என்றால் ஏரிக்கரைதான். அதன்மேல் ஏறி நின்றால் ஊரே தெரியும்.

வெளிநாடு போகக் கல்வித் துறையின் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணு நியூசிலாந்துல இன்னா பண்றாங்க டீச்சர்?"

"டூரிசம் சார்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. தென்றல் அங்கே வேன் ஓட்டுகிறாள். சுற்றுலாப் பயணிகள் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். உணவுத் தொழில்நுட்பம் படிக்கத்தான் போனாள். படித்தாள், ஒரு பால் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருடம் வேலையும் செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. "வண்டி ஓட்டறதுக்கா அவ்ளோ தூரம் அனுப்சேன்?" என்று என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டார்.  

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. வில்லியனூரிலிருந்து செல்வகுமாரி அண்ணி வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, தென்றலுக்கு அத்தை. பையில் ஒரு புகைப்படமும் ஜாதகமும் இருந்தன. பையன் பெயர் விமல். சென்னையில் வேலை, வில்லியனூரில் சொந்த வீடு. அப்பா சாமிநாதன் தெரிந்த மனிதர்தான். ஆவணியில் முடித்துவிடவேண்டுமாம். பெண் வேலையை விட்டுவிட்டு வந்துவிடவேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் கேட்பது.

"ஃபோன்ல சொன்னா அவ காதுல வாங்கமாட்டா. நீ நேர்ல போற இல்ல, உக்கார வெச்சி சொல்லு வனஜா. முப்பது ஆவப்போவுது."

பையன் முகம் நன்றாகத்தான் இருக்கிறது. சிரித்த முகம்.

வீட்டுக்காரர் கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சுத்திப் பாக்கறதுலாம் அப்புறம். வரும்போது அவள கூட்டிக்கினு வா."

ஏப்ரல் 19

விசா வந்தது.

ஏப்ரல் 30

சென்னை விமான நிலையம். நான் உள்ளே போகும்வரை அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையசைக்கவில்லை. புகைப்படம் என் கைப்பையில், பாஸ்போர்ட்டுக்குப் பின்னால்.

மே 3, சனி

டே அனாவ். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். ஏரிக்கு எதிர்க்கரை முழுவதும் மலை. குளிர் எலும்பைக் குடைகிறது.

தென்றல் குயின்ஸ்டவுன் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டரை மணி நேரம் அவளே ஓட்டினாள். இளைத்திருக்கிறாள், ஆனால் தோள் அகன்றிருக்கிறது. கை காய்ப்புக் காய்த்திருக்கிறது, அவள் அப்பா கை மாதிரி.

"அப்பா எப்பிடிம்மா கீறாரு?" என்றாள். "நல்லா கீறாரு" என்றேன். அதோடு விட்டுவிட்டாள்.

மே 6

இன்றும் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை. காலையில் ஆறு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறாள். ஒவ்வொரு டயரையும் குனிந்து பார்க்கிறாள். சாயங்காலம் வந்தவுடன் உள்ளே போய்க் கண்ணாடியெல்லாம் துடைக்கிறாள். சோறு போட்டால் தட்டோடு தூங்கிவிடுகிறாள். எந்த நேரத்தில் உட்கார வைத்துச் சொல்வது?

மே 8, வியாழன்

"நாளைக்கு வண்டியில முன்சீட்டு காலியா இருக்குது. வர்றியா? மில்ஃபோர்டு வரைக்கும். மலை, டன்னல், அப்புறம் போட்டுல சவாரி."

"மழன்னு போட்டிருக்கான் பாரு டிவியில."

"மழைலதான் வரணும்மா. பத்து பேர் வந்து நாளைக்கு மொகத்த தூக்கி வெச்சிக்குவாங்க. போவப்போவ பாரு."

ஒரு நிபந்தனை போட்டாள். வண்டியில் அவளைப் பாப்பா என்று கூப்பிடக்கூடாது. நான் அவள் அம்மா என்று யாரிடமும் சொல்லக்கூடாது. "அம்மாவ இட்டுக்கினு வந்துட்டான்னு நெனப்பாங்க. நான் அங்க டிரைவரு."

மில்ஃபோர்டு என்பது ஃபியார்டு. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தது. இருபத்தாறு வருடமாக இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்கிறேன். நாளைக்குப் பார்க்கப் போகிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி இருக்கிறது.

மே 10, சனி காலை

நேற்று எழுதத் தெம்பில்லை. எதையும் விடாமல் எழுதவேண்டும் என்று காலையில் எழுந்ததும் உட்கார்ந்துவிட்டேன். தென்றலுக்கு இன்று விடுமுறை, இன்னும் எழுந்திருக்கவில்லை.

இருட்டோடு கிளம்பினோம். இங்கே எட்டு மணிக்குத்தான் விடிகிறது. தூறல். ஒவ்வொரு விடுதியாக நின்று ஆட்களை ஏற்றினாள். கடைசியாக ஏறியவர் சிவப்புக் கோட்டுப் போட்ட ஓர் உயரமான மனிதர், கூடவே நரைத்த தலையோடு அவர் மனைவி. அவர் ஏறும்போதே, "என்ன நாளைத் தேர்ந்தெடுத்தோம் பார்" என்று வானத்தைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார்.

எல்லாரும் உட்கார்ந்ததும் அவள் மைக்கை மாட்டிக்கொண்டாள். அவள் குரல்தான், ஆனால் நான் கேட்டிராத குரல். அவசரமே இல்லை. "என் பெயர் தென்றல். எங்கள் ஊரில் தெற்கிலிருந்து வரும் இதமான காற்றுக்கு இந்தப் பெயர். இங்கே தெற்கிலிருந்து காற்று வந்தால் நேராகத் தென்துருவத்தின் பனியிலிருந்து வருகிறது, உங்கள் மூக்கு விறைத்துவிடும். என் அப்பா பெயர் வைக்கும்போது இந்த ஊரை யோசிக்கவில்லை." பத்துப் பேரும் சிரித்தார்கள். உயரமான மனிதர்கூடச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. பெயர் வைத்தது அவள் அப்பாதான். அதை அவள் தினமும் சொல்கிறாள் போலிருக்கிறது, தினமும் பத்துப் பேரிடம்.

ஏரியைத் தாண்டிக் காட்டுக்குள் போனோம். பாசி தொங்கும் மரங்கள். ஒரு திருப்பத்தில் காடு சட்டென்று முடிந்தது. வண்டியை ஓரம் கட்டினாள். எக்லிண்டன் பள்ளத்தாக்கு என்றாள்.

தரை பாகூர் வயல் மாதிரிச் சமம். மஞ்சள் புல். அந்தச் சமமான தரையிலிருந்து இரண்டு பக்கமும் சுவர் வைத்தாற்போல மலை நேராக எழுந்து நிற்கிறது. சரிவு கிடையாது. மேலே பாதிக்குமேல் மேகம் மூடியிருந்தது.  U. கரும்பலகையில் சாக்குக்கட்டியால் நான் போடுகிற அதே U. அதன் அடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். போடும்போது ஒரு சாண் உயரம் போடுவேன். இங்கே கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் முடிவு தெரியவில்லை. இதைக் குடைந்தது தண்ணீரில்லை, ஐஸ். எவ்வளவு கனம் இருந்திருக்கும், எத்தனை ஆயிரம் வருடம் ஊர்ந்திருக்கும். சொல்லத்தான் சொல்லியிருக்கிறேன், இத்தனை வருடமாக. அதன் அர்த்தம் நேற்றுத்தான் தெரிந்தது.

தென்றல் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாக, "இன்னா டீச்சர்?" என்றாள். 

மலை ஏற ஏற மழை வலுத்தது. ஹோமர் குகைப்பாதைக்கு முன்னால் சிவப்பு விளக்கு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் உள்ளே போகலாம். நின்ற இடத்தில் கோழி பெரிசில் ஒரு பச்சைக் கிளி வந்து முன் கண்ணாடியில் உட்கார்ந்து வைப்பர் ரப்பரைப் பிய்க்க ஆரம்பித்தது. கேயா என்று பெயராம். தென்றல் கண்ணாடியை இறக்கி, "போடா அந்தாண்ட" என்று தமிழில் விரட்டினாள். அது அவளை நன்றாக ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிற்று. பின்னால் யாரோ, "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டார்கள். "தயவுசெய்து நகருங்கள் என்றேன்" என்றாள்.

குகைக்குள் பூச்சில்லாத வெறும் பாறை, சொட்டுகிற தண்ணீர். பாதை கீழ்நோக்கிச் சரிந்தே போகிறது. வெளியே வந்தோம்.

எப்படி எழுதுவது?

நாலாபுறமும் கறுப்புப் பாறை. அந்தப் பாறை முழுவதும் வெள்ளை வெள்ளையாக அருவி. எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். சில நூலளவு. சில பாதியிலேயே காற்றில் அடித்துக்கொண்டு போய், தரைக்கு வராமலே மேலே திரும்பிப் போகின்றன. தண்ணீர் மேல்நோக்கிப் போவதை நேற்றுப் பார்த்தேன். கீழே சாலை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து இறங்குகிறது.  தென்றல் மைக்கை அணைத்துவிட்டாள். கியரைக் குறைத்து, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், ஒவ்வொரு வளைவாக இறக்கினாள். என் ஃபோனில் அதை மட்டும் வீடியோ எடுத்தேன்.

"மழை இல்லாத நாளில் இதில் முக்கால்வாசி அருவி கிடையாது" என்று கீழே வந்த பிறகு மைக்கில் சொன்னாள். "நேற்று வந்தவர்கள் பாவம். அவர்களுக்கு வெயில் அடித்தது."

படகு ஏறுவதற்கு முன் எல்லாரையும் ஒரு கூரையின்கீழ் நிறுத்தி, உள்ளங்கையைக் குழித்துக் காட்டி ஃபியார்டைப் பற்றிச் சொன்னாள். உள்ளே ஆழம் கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர். கடலோடு சேரும் வாயிலில் அதில் பாதிகூட இல்லை. பனியாறு சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் அங்கேதான் இறக்கிவைத்தது, அதனால் வாயிலில் ஒரு வரப்பு மாதிரி மேடு.

தப்பு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. கடலை நோக்கிப் போகப்போக ஆழம் கூடவேண்டும், பூரணாங்குப்பம் கடற்கரையில் இறங்கிப் பார்த்தால் தெரியுமே. அப்படித்தான் நான் படம் போடுவேன், கடல் பக்கம் கோட்டை இறக்கி. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஐஸ் உருகி நிற்கிற இடத்தில்தானே சுமையைப் போடும். அவள் சொல்வதுதான் சரி. இருபத்தாறு வருடம், எத்தனை பிள்ளைகள்.

படகில் அவள் காதில் சொன்னேன். "நான் தப்பா நடத்திக்கினு இருந்திருக்கேன்டி."

"தெரியும். எனக்கும் அப்பிடிதான் நடத்தின. இங்க ட்ரெயினிங்ல அதே படத்த போட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கினேன்."

படகு மலைச் சுவரை ஒட்டியே போயிற்று. மைட்டர் சிகரம் தண்ணீருக்குள்ளிருந்து நேராகக் கிளம்பி ஆயிரத்து அறுநூறு மீட்டருக்குமேல் போகிறதாம். நாங்கள் பார்த்தது கீழ்ப்பாதியை. தண்ணீர் கறுப்பு. காட்டிலிருந்து வடிந்த மழைநீர் தேநீர் நிறத்தில் மேலே ஓர் அடுக்கு, அதற்கு அடியில் உப்புநீர். மேலடுக்கு வெளிச்சத்தை மறைப்பதால் ஆழ்கடல் பவளம் இங்கே மேலேயே வளர்கிறதாம். ஒரு பாறையில் கடல்நாய்கள், ஐந்தாறு, மழை என்று ஒன்று பெய்வதே தெரியாதமாதிரிப் படுத்திருந்தன. கடைசியில் ஸ்டர்லிங் அருவி. பெரிய பள்ளத்தாக்கின் சுவரில் பாதி உயரத்தில் இன்னொரு பள்ளத்தாக்கு அறுபட்டு நிற்கிறது, அங்கிருந்து விழுகிறது. தொங்கு பள்ளத்தாக்கு. ஐந்து மதிப்பெண் கேள்வி. அதன் சாரலில் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றேன். குளிரவில்லை. பொய், குளிர்ந்தது. உள்ளே போகத் தோன்றவில்லை.

இரண்டரை மணிக்குக் கரைக்கு வந்தோம். மழை இன்னும் கூடியிருந்தது. தென்றல் சாலைப் பணியாளர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். சாலை திறந்துதான் இருக்கிறது, ஆனால் குகைக்கு மேல் சரிவில் கல் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு பெரிய பேருந்து அதற்குள் கிளம்பிப் போய்விட்டது. இவள் எல்லாரையும் கூப்பிட்டு, "நாம் கொஞ்சம் காத்திருக்கிறோம்" என்றாள்.

உயரமான மனிதருக்கு அன்றைக்கே குயின்ஸ்டவுனில் விமானம். முதலில் மரியாதையாகக் கேட்டார். பிறகு குரல் ஏறியது. "அந்தப் பேருந்து போய்விட்டது. சாலை மூடவில்லை. உனக்கு ஓட்டப் பயமா?" தென்றல், "நிலைமை தெளிவாகட்டும், போகலாம்" என்றாள். "அனுபவமுள்ள டிரைவர் யாராவது இருக்கிறார்களா, அவர்களிடம் பேசுகிறேன்" என்றார்.

 எம் பொண்ண பாத்து இன்னா கேள்வி கேக்கறான். எழுந்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "இந்த வண்டிக்கு நான்தான் டிரைவர். சாவி என்னிடம் இருக்கிறது. உங்கள் விமானம் போய்விட்டால் அதற்காக நான் உண்மையிலேயே வருத்தப்படுவேன். ஆனால் இப்போது கிளம்பமாட்டேன்." சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்ற ஆரம்பித்தாள். அவருக்கும் ஊற்றினாள். அவர் வாங்கவில்லை.

ஒன்றரை மணி நேரம். நான் கூரை ஓரத்தில் நின்று அருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் விலக விலகப் புதுசாக ஒன்று தெரியும், மூடிக்கொள்ளும். அவர் மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "அவர் பயந்தால்தான் இப்படிக் கத்துவார்" என்றார். "அந்தப் பெண் சரியாகத்தான் செய்கிறாள்."

என் இங்கிலீஷ் பள்ளிக்கூட இங்கிலீஷ். வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். "டிரைவர் என் பெண்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், தென்றலைப் பார்த்தார். "காலையிலேயே நினைத்தேன். அதே முகம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாத வாக்கியம், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அந்த அருவிகளை எல்லாம் நானே கட்டிவிட்ட மாதிரி ஒரு பெருமை.

நாலு மணிக்குப் பணியாளர்கள் போகலாம் என்று சொன்னார்கள். போனோம். வழியில் ஒன்றுமே இல்லை. ஒரு கல்லில்லை, ஒரு கிளையில்லை. முன்னால் போன பேருந்தும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. உயரமான மனிதரின் விமானம் போய்விட்டது. இறங்கும்போது அவர் அவளிடம் பேசவில்லை. அவர் மனைவி மட்டும் திரும்பிக் கையசைத்தார்.

வீட்டுக்கு வந்து சூடாக ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அப்ப காத்துக்கினு இருந்தது தப்பாடி?"

யோசித்துத்தான் சொன்னாள். "போயிருந்தாலும் ஒன்னும் ஆயிருக்காதும்மா. அது இப்ப தெரியுது. அப்ப எனக்குத் தெரியாது. நாளைக்கு இதே மாதிரி ஆனாலும் நான் காத்துக்கினுதான் இருப்பேன்."

அவள் சரி என்று எதுவும் வந்து நிரூபிக்கவில்லை. அது அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. ரசத்தை ஊதி ஊதிக் குடித்தாள்.

மே 10, சாயங்காலம்

சொல்லிவிட்டேன். ஏரிக்கரையில் நடக்கும்போது, புகைப்படத்தையும் கொடுத்து, உட்கார வைக்காமலே சொல்லிவிட்டேன்.

நின்று பார்த்தாள். "நல்லாதான் கீறாரு."

"நீ சொல்லு பாப்பா. அப்பாவும் அத்தையும் காத்துக்கினு இருக்காங்க."

"கல்யாணம் வேணாம்னு நான் சொல்லலம்மா. இத வுட்டுட்டு வரணும்னா வேணாம். லேபுல மூணு வருசம் இருந்தேன், ஒரு நாள் வெளிய இன்னா வானிலன்னு எனக்குத் தெரியாது. இப்ப காலையில எழுந்தா மொத வேல வானத்த பாக்கறதுதான்." பிறகு, "உனக்கு வருத்தமா?" என்றாள்.

வருத்தம்தான். இவ்வளவு தூரத்தில், வயதான காலத்தில் ஒருநாள் உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் வருவது. அதையும் சொன்னேன். அவள் அழுதாள். நானும். ஆனால் நேற்று அந்த வளைவுகளில் அவள் கையைப் பார்த்த பிறகு, வா என்று எப்படிச் சொல்வது? 

புகைப்படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள், மடங்காமல்.

மே 13

அந்த மனிதர் இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருக்கிறார். "கோழை டிரைவர்." தென்றல் படித்துவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், அவள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மே 24, சனி

பாகூர். வெயில் நூற்றிரண்டு. தனியாக வந்தேன். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். வரவில்லை என்று தெரிந்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டார். 

மே 26

இன்றைக்குத்தான் கேட்டார். சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "நீ பேசவே இல்ல. மலையப் பாத்துட்டு வந்துட்ட" என்றார்.

பேசனேன். பேசாம இருப்பனா? எம் பொண்ணு இல்லயா அவ? அவ இங்க இருக்கணும்னு எனக்கு இல்லயா? இவருக்கு மட்டும்தான் மனசு இருக்குதா — 

எழுத முடியவில்லை.

மே 28

அண்ணியிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். "டிரைவர் வேலைக்காகவா நல்ல எடத்த வேணாங்கறா?" என்றார். "ஆமா அண்ணி. டிரைவர் வேலைக்காகத்தான்" என்றேன். சாமிநாதன் வீட்டுக்கு நானே நேரில் போய்ப் படத்தையும் ஜாதகத்தையும் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

மே 31

வில்லியனூர் போய் வந்தேன். தனியாகத்தான். காபி கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்.

ஜூன் 4

பேச்சில்லை. தண்ணி, சோறு, சாவி. இவ்வளவுதான் வீட்டில் வார்த்தைகள்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று ஒன்று செய்தேன். குகையிலிருந்து சாலை இறங்கும் அந்த வீடியோவை அவர் ஃபோனுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை, வீடியோ மட்டும். பார்த்தாரா தெரியாது.

இன்று மத்தியானம் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனேன். வேப்பமரத்தடியில், டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு ஃபோனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மழையில் வைப்பர் அடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது. நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். மூன்று தடவை பார்த்தார். பிறகு செருமிக்கொண்டு போனேன். "இன்னா கொழம்பு?" என்றார். இரண்டு வாரத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி.

ஜூன் 15, ஞாயிறு

காலை பத்தரைக்குத் தென்றல் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம் ஐந்து, வண்டி கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். மலையில் பனி விழுந்துவிட்டதாம், டயருக்குச் சங்கிலி கட்டி ஓட்டுகிறாளாம். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எழுந்து வந்து கையை நீட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. ஃபோனைக் கொடுத்தேன்.

காதில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் அவள், "அம்மா? அம்மா, கேக்குதா?" என்பது எனக்குக் கேட்டது.

"வண்டி டீசலா?" என்றார்.

 கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "ஆமாம்ப்பா. டீசல்தான்" என்றாள்.

"எறக்கத்துல இன்னா கியரு?"

"ரெண்டுல வருவேன்ப்பா."

"பிரேக்க மிதிச்சிக்கினே வரக்கூடாது. சூடாயி புடிக்காம போயிடும்."

"தெரியும்ப்பா."

"தெரியும்னுதான் சொல்லுவ. சங்கிலி எத்தினி டயருக்குக் கட்ற?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, போய் நின்றேன். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டரை ஆலைக்கு ஓட்டிப்போன கதையெல்லாம் ஆரம்பித்துவிட்டார். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அரை மணி கழித்து எட்டிப் பார்த்தேன். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒரு வளைவை எப்படி அகலமாக எடுத்துத் திருப்பவேண்டும் என்று காற்றில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அவளால் பார்க்க முடியாது என்பது அவருக்கு மறந்துவிட்டிருந்தது.